மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது

என் மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனது அவருடைய நாற்பத்து நாலாவது வயதில். இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. அவர்கள் தொலைக்காட்சிக் கம்பெனிக்குள் போய் வராதவர்கள். பாக்கியசாலிகள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, வருங்கால மாமனாரான என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் கட்டடத்து லிஃப்டை அண்ணாந்து பார்த்து, "கேபிள் மாத்தணும்" என்றார். அதற்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்கும் சேர்த்து அவர் பெண் சத்தம் போடுவாள். என் பேத்தி. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். குளிக்கும்போது பாடுவாள், மாடிப்படியில் பாடுவாள், கணக்குப் போடும்போதும் பாடுவாள். கணக்கு தப்பாக வரும், பாட்டும் அப்படித்தான். குரலில் கொஞ்சம் கரகரப்பு. சுருதியை அவள் பிடிப்பதில்லை, அதன் பக்கத்திலேயே நடந்து வருவாள். பள்ளிக்கூடத்துக் கோரஸில் சேர அவள் நாயாய் அலைந்து, கடைசியில் பாட்டு டீச்சர் மனமிரங்கி, ஆண்டு விழாவுக்கு மூன்றாவது வரிசையில் ஓரமாக ஓர் இடம் கொடுத்திருந்தார். மூன்றாவது வரிசைதான் கடைசி வரிசை. வாலு அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்தால் நாட்டையே எழுதி வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

அந்தக் கம்பெனி 'முக்கால் குழந்தைகளுக்காக'த் தொடர் எடுக்கிறது. பொம்மையை விட்டாகிவிட்டது, முகப்பரு இன்னும் வரவில்லை என்று நடுவில் ஒரு வயது இருக்கிறதே, அதற்குக் கம்பெனி வைத்த பெயர் அது. கால் பங்கு பெரியவர்கள் என்பதால் இவர்களுக்குச் சொந்தமாக ஆசைகள் உண்டு. முக்கால் பங்கு குழந்தைகள் என்பதால் அந்த ஆசைகளைக் கம்பெனியே தீர்மானித்துக் கொடுத்துவிடலாம். இந்த உண்மையைக் கண்டுபிடித்ததற்காகவே ஒருவரை அந்தப் பிரிவுக்குத் தலைவராக்கி, சுழல் நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

முதலில் ஒரு கதை, கதைக்கு நாலு பாட்டு, பாட்டு பிடித்துப்போனால் அந்தப் படம் போட்ட தண்ணீர் பாட்டில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பழைய முறையாம். இங்கே முதலில் பாட்டில். பாட்டிலின் நிறத்துக்குப் பொருத்தமாகப் பாட்டு ஆல்பம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பிள்ளைகள் எழுந்து போய்விடக் கூடாதே என்பதற்காகத் தொடர். அந்த முறைப்படி பாட்டில் தயாராகி, ஆல்பத்துக்கு 'என் குரலில் நான்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கதாநாயகி பெயர் மின்மினி. வாரா வாரம் யாராவது ஒருவர் மின்மினியைப் பாடாதே என்பார். அப்பா சொல்வார், வாத்தியார் சொல்வார், ஒரு வாரம் நாய் டாக்டர் சொன்னார். மின்மினி மீறிப் பாடுவாள். சொன்னவர் அழுவார். நாய் டாக்டர் நாயோடு சேர்ந்து அழுதார்.

இதற்கு ஆள் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். யாரையும் பாடச் சொல்லவில்லை. பாட்டிலைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். வாலுவின் தெற்றுப்பல் பாட்டில் மூடியோடு பொருந்தியது. தேர்வாகிவிட்டாள்.

"டிவியில பாடப் போறேன் தாத்தா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் அதை நம்பினேன்.

பதிவு நாளன்று மாப்பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வேலையில்லாத நானும், அங்கே பிஸ்கட் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கூடவே போனேன். வாலுவை ஆல்பத்தின் அட்டைக்குப் படம் எடுக்க உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் ட்ராக் எடுத்துவிடலாம் என்றார் இசையமைப்பாளர். அதாவது, பாட வேண்டியவர் வந்து பாடும் முன்னால், மெட்டைக் காட்டுவதற்கு வேறு யாராவது ஒருவர் பாடி வைப்பது. அசல் குரல் வந்ததும் அதை அழித்துவிடுவார்கள். ஆனால் ட்ராக் பாடுகிறவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சார், நான் லிஃப்ட் மெக்கானிக். கொஞ்ச நேரத்துல அவரை வெளியில எடுத்துடுவேன்."

"வெளி ஆளு லிஃப்டைத் தொடக் கூடாதுங்க. பாதுகாப்பு விதி" என்றார் இசையமைப்பாளர்.

"அப்ப உள்ள இருக்கிறவரு?"

"அவரு பாதுகாப்பாத்தான் இருக்காரு. நீங்க பாடுவீங்களா?"

"எனக்குப் பாட்டே வராது சார்."

"பரவாயில்ல. அதுக்கு விதி எதுவும் இல்ல."

தெரிந்த வேலையைச் செய்ய அனுமதியில்லாமல், தெரியாத வேலைக்குள் என் மாப்பிள்ளையைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே சத்தம், லிஃப்ட் குழிக்கு மேலிருந்து கீழே இருக்கும் உதவி ஆளைக் கூப்பிடும் சத்தம். அதிலேயே பாடினார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், பாரம் தூக்குகிறவர்கள் இழுப்பார்களே, அந்த மாதிரி 'ஹுப்' என்று ஒரு மூச்சு. சவுண்ட் இன்ஜினியர் அதை ஒரு கருவிக்குள் விட்டு, வயதைக் குறைக்கும் பித்தானைத் திருகித் திருகிப் பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு வாலு வந்தாள், பாடினாள். அவள் கணக்குக்கு நன்றாகவே பாடினாள்.

ட்ராக்கை அழிக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை; இரண்டு பதிவும் கம்பெனியின் தேர்வுக் குழுவின் முன்னால் போனது. குழுவில் எல்லோரும் கோட்டுப் போட்டவர்கள். எது யார் குரல் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை மட்டும், "பசங்க யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுப் பாக்கலாமே சார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

பிரிவுத் தலைவர் நாற்காலியை அவர் பக்கம் சுழற்றினார். "கேட்டா அதுங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லும். குழந்தைங்களுக்கு எது பிடிக்கும்கிறது குழந்தைங்களை நம்பி விடுற விஷயமாங்க? இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு குழந்தைகிட்டகூடப் பேசினதில்ல. அதனாலதான் எனக்கு அவங்களைப் பத்தித் தெளிவா இருக்கு."

வாலுவின் பதிவைப் போட்டார்கள். தலைவர் முகத்தைச் சுளித்தார். "இது ஏதோ ஒரு குழந்தை பாடுற மாதிரி இருக்கு. நமக்கு வேண்டியது குழந்தைத்தனம்."

அடுத்ததைப் போட்டார்கள். ஹுப். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான். கலப்படமில்லாத பன்னிரண்டு வயசு." அது தன் குரல் என்று மாப்பிள்ளை சொல்ல வாயெடுப்பதற்குள் குழு கைதட்டி எழுந்து போய்விட்டது.

ஆல்பம் வந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் வரி முடிவதற்குள் வாலுவின் முகம் மாறிவிட்டது. சமையலறையிலிருந்து என் மகள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, பீரோவை நகத்தும்போது நீங்க இப்படித்தானே மூச்சு இழுப்பீங்க?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை.

ஆல்பமும், வாலு வாயசைத்து நடித்த தொடரும் புகழில் எங்கேயோ போய்விட்டன. தெருவில் பிள்ளைகள் பேசுவதற்கு முன்னால் ஹுப் என்றார்கள். வகுப்பில் 'உள்ளேன்' சொல்வதற்கு முன்னால் ஹுப் என்றார்கள். ஒரு விமரிசகர், 'இன்றைய சிறுமியின் தயக்கமும் துணிச்சலும் ஒரே மூச்சில்' என்று எழுதினார். திறந்தால் ஹுப் என்று சத்தம் கேட்கும் பாட்டிலைக் கம்பெனி வெளியிட்டது. எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

அடுத்து கம்பெனியின் வக்கீலம்மா வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. செருப்பை வாசலிலேயே கழற்றினார்.

"பாப்பா, உன் குரல் மின்மினி குரல் மாதிரி இல்ல. யாராவது கேட்டுட்டா ரசிகர்களோட மனசு புண்படும். அதனால ஒப்பந்தப்படி இனிமே நீ எங்கயும் பாடக் கூடாது."

"பாத்ரூம்ல?"

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கூடாது."

"என் ஃப்ரெண்டுக்குப் பிறந்தநாள் வருது ஆன்ட்டி. அங்க?"

"தாராளமா வாயசைக்கலாம். கைகூடத் தட்டலாம்."

வாலு கொஞ்சம் யோசித்தாள். "மின்மினியைப் பாடாதேன்னா அவ பாடுவாளே?"

"அது மின்மினி கண்ணு. நீ மின்மினியா நடிக்கிற பொண்ணு. அவளுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

பிறந்தநாள் வீட்டில் வாலு வாயசைத்தாள். பக்கத்தில் நின்ற தோழி அதைப் பார்த்துவிட்டாள். "டிவியிலதான் வாயைத் திறப்பியோ? எங்க வீட்டுக்கு அவ்வளவுதானா?" என்று கேட்டவள், மறுநாளிலிருந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். பாட்டு டீச்சர் மட்டும், "உன் இடத்தை யாருக்கும் குடுக்கல. விழா அன்னிக்கு வந்து நின்னாப் போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது எத்தனை வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்ததோ, பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை எழுந்து போய்க் குழாயைச் சரிசெய்தார். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மாமா, நாளைக்கு என்கூட வரீங்களா? போய் உண்மையைச் சொல்லிடலாம்" என்றார். அவர் என்னை ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. பிஸ்கட்டுக்காக இல்லாமல் போனேன்.

தலைவரின் அறையில், நின்றபடியே சொன்னார். "சார், அது என் பொண்ணு குரல் இல்ல. என் குரல். தப்பா மாறிப்போச்சு. அவளைப் பாட விட்டுடுங்க."

தலைவர் திடுக்கிடவில்லை. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "குரலோட வயசு பன்னிரண்டுன்னு குழு முடிவு பண்ணியாச்சு. அந்தக் குரல் உங்ககிட்ட இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்ப எங்க பார்வையில நீங்க பன்னிரண்டு வயசுக் கலைஞர். இதை ஏன் முன்னாடியே சொல்லல? குழந்தைக் கலைஞரை விதிப்படி நடத்தாம இருந்திருக்கோம்! எங்களுக்கு எவ்வளவு கெட்ட பேரு!"

"எனக்கு நாற்பத்து நாலு சார்."

"அது உங்க உடம்போட வயசு. உடம்பு எங்க பிரிவுல வராது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வெளியில சொல்லணும்னா சொல்லுங்க" என்றார் தலைவர் கனிவாக. "மின்மினி எல்லாரையும் ஏமாத்திட்டான்னு ஸ்கூல்ல உங்க பொண்ணைத்தான் கேப்பாங்க. வேண்டாமே. ரெண்டாவது ஆல்பத்தையும் நீங்க பாடிக் குடுங்க. அது முடிஞ்சதும் அவ எங்க வேணா பாடட்டும். ஆண்டு விழாவுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்."

மூன்றாவது வரிசையின் ஓரத்து இடத்துக்காக என் மாப்பிள்ளை குழந்தையாகச் சம்மதித்தார்.

குழந்தைக் கலைஞர் என்றால் பாதுகாவலர் ஒருவர் வேண்டும். வக்கீலம்மா என் மகளுக்குப் போன் செய்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவருக்கு நான்தான் பாதுகாவலர். அதுக்குத் தனியா வேற கையெழுத்தா?" என்று வைத்துவிட்டாள். வக்கீலம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். மின்மினி என்ற பெயருக்குக் கீழே இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் கலைஞர், வாலு. இன்னொன்றில் பாதுகாவலர், மாப்பிள்ளை.

"ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு கட்டம் இருக்கு. மாத்திப் போட்டா முடிஞ்சது. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஸ்கூல் பேர் உள்பட" என்றார்.

அப்படித்தான் என் பேத்தி தன் அப்பாவுக்குப் பாதுகாவலர் ஆனாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து, கால் எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து விதிகளைக் கேட்டுக்கொண்டாள்.

"படிப்பு, உடம்பு, பள்ளி நிகழ்ச்சி, இந்த மூணுக்கும் பாதுகாவலர் எப்ப வேணாலும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்" என்று ஒப்பித்தார் வக்கீலம்மா. "பதிவு நடக்கும்போது கூட்டிட்டுப் போனா ஒப்பந்தம் அத்தோட ரத்து. முகம், குரல், எல்லாத்துக்கும் சேத்துத்தான்."

"ஆனா இதுவரைக்கும் ஒரு அப்பா அம்மாகூட அப்படிக் கூட்டிட்டுப் போனதில்ல" என்று தலைவர் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "குழந்தைக்குக் காய்ச்சல் அடிச்சப்பகூட. அவ்வளவு நம்பிக்கை எங்க மேல."

அதன் பிறகு மாப்பிள்ளை பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பதிவுக்கு நடுவே அவருக்கு ஏழாம் வகுப்புப் பாடம் எடுக்க ஒரு டீச்சர் வந்தார். கம்பெனி வாங்கிய மேஜை முக்கால் குழந்தைகளின் அளவு. முழங்கால் இரண்டையும் வெளியே வைத்துக்கொண்டு மாப்பிள்ளை எரிமலைகளின் வகைகளை எழுதினார். பால் கொடுத்தார்கள். குடித்து முடித்தால் கையில் நட்சத்திரம் ஒட்டினார்கள். மத்தியானம் குட்டிக் கட்டிலில் தூங்க வைத்தார்கள். ஒரு டாக்டர் வாரம் தவறாமல் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, "குரல் இன்னும் உடையல, பயப்படாதீங்க" என்று தலைவருக்கு நல்ல செய்தி சொன்னார்.

மனநல ஆலோசகர் ஒருவர் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கூடப் படிக்கிற பசங்க யாராவது தொந்தரவு பண்றாங்களா?"

மாப்பிள்ளை யோசித்தார். "யூனியன்ல ஒருத்தரு சந்தா கேட்டுட்டே இருக்காரு."

"வம்புக்கு இழுக்கிறாங்க" என்று அவர் குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம்கூட என் மாப்பிள்ளை பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். ட்ராக் பாடகரை ஒருவழியாக வெளியே எடுத்த பிறகும் அந்த லிஃப்ட் மாடிக்கு மாடி விக்கிக்கொண்டுதான் போய்வந்தது. அதன் வாசலில் ஒரு பலகை: 'பெரியவர் துணையின்றிச் சிறுவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது.' காவலாளி அவரைத் தடுத்துப் படியில் ஏறச் சொல்வார். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று அந்த விக்கலைக் கேட்பார். "பிரேக் ஷூ" என்று முணுமுணுப்பார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை ஒருநாள் பார்த்தேன்.

ஆல்பம் முடிகிற மாதிரி இல்லை. ஒரு பாட்டு முடிந்தால் தண்ணீர் பாட்டிலுக்கு இன்னொரு நிறம் வந்துவிடும், அதற்கு ஒரு பாட்டு. அது முடியாமல் வாலு பாடவும் முடியாது. கடைசிப் பாட்டுக்கு, 'யாரும் என்னைத் தடுக்க முடியாது' என்ற பாட்டுக்கு, தேதி குறித்தார்கள். ஆண்டு விழா நாள். அதே சாயங்காலம்.

"விழா அடுத்த வருஷமும் வரும்" என்றார் தலைவர்.

அந்த நாளில் சிறுவர் நல அமைப்பு ஒன்றிலிருந்து கம்பெனிக்கு விருது கொடுக்க வந்திருந்தார்கள். விருந்தினர்கள் பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப்புறம் மாப்பிள்ளை, கையில் நட்சத்திரத்தோடு. அவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்கள். தலைவர் எழுந்து பேசினார்.

"ஒவ்வொரு குழந்தையும் தன் சொந்தக் குரலில் பாட வேண்டும். அந்தக் குரல் எது என்பதை நாங்கள் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம். குழந்தைகளின் வாயை அடைக்கிற சமூகம் உருப்படாது. எங்கள் மின்மினி இதுவரை ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அத்தனை சுதந்திரம் அவளுக்கு!"

கைதட்டினார்கள். மாப்பிள்ளை ஹுப் என்று மூச்சை இழுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஆரம்பித்துவிட்டது.

அப்போது வாலு நாற்காலியிலிருந்து குதித்தாள். பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல். நேரே போய்க் கண்ணாடி அறையின் கதவைத் திறந்தாள்.

"மன்னிக்கணும். எங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

இசையமைப்பாளரின் கை அப்படியே நின்றது. தலைவர் சிரித்துக்கொண்டே, "பாப்பா, பதிவு நடக்குதும்மா" என்றார்.

"தெரியும் அங்கிள். இன்னிக்கு இவர் ஸ்கூல்ல ஆண்டு விழா. கம்ப்யூட்டர்ல பாருங்க, ஸ்கூல் பேர் இருக்கும்."

வக்கீலம்மா பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். பிறகு விருது கொண்டுவந்தவர்களைப் பார்த்தார். "சார்... பள்ளி நிகழ்ச்சி. பாதுகாவலர் கேட்டா விடணும்."

"இவர் எந்த வகுப்பு?" என்று விருந்தினர் அம்மாள் ஒருவர் அன்போடு விசாரித்தார்.

"ஏழாவது" என்றாள் வாலு. "எரிமலை நல்லா எழுதுவாரு."

தலைவர் நாற்காலியைச் சுழற்றினார். அது முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, அவரைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. வாலு தன் அப்பாவின் விரலைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். நான் பிஸ்கட் தட்டைச் சட்டைப்பையில் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

லிஃப்ட் வாசலில் காவலாளி கையை நீட்டினார். "பெரியவங்க துணை?"

"நான்தான்" என்றாள் வாலு.

ஏறினோம். கதவு மூடியதும் மாப்பிள்ளை சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அந்தச் சின்ன மேஜையிலும் அதை விடவில்லை மனுஷன். ஒரு மூடியைக் கழற்றி எதையோ திருகினார். விக்கல் நின்றது. லிஃப்ட் வெண்ணெயாய் இறங்கியது. அந்த அமைதியில் வாலு மெல்ல ஒரு வரி பாடிப் பார்த்தாள். பல நாள் திறக்காத கதவு மாதிரி கிறீச்சென்று வந்தது. மாப்பிள்ளை ஹுப் என்று மூச்சை இழுத்தார்.

"அப்பா, நீங்க பாடாதீங்க."

அவர் மூச்சை விட்டுவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோரஸ் மேடையேறிக்கொண்டிருந்தது. வாலு ஓடிப்போய் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நின்றாள். பக்கத்தில் அந்தத் தோழி. டீச்சர் கையைத் தூக்கினார். மேடையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஹுப் என்றார்கள். மண்டபமே பீரோ நகர்த்துகிற மாதிரி இருந்தது. அதற்கு அரை நொடி பின்னால், சுருதிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து, கரகரவென்று ஒரே ஒரு குரல் வந்து சேர்ந்தது. தோழி திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. என் முன்வரிசையில் ஒரு தகப்பனார் திரும்பி, மாப்பிள்ளையிடம் குனிந்தார்.

"கடைசியில முகம் தெரியாம நிக்குதே, அது உங்க பொண்ணா சார்? கொஞ்சம் மின்மினி மாதிரி பாடச் சொல்லுங்களேன். எல்லாப் பிள்ளையும் எவ்வளவு இயல்பாப் பாடுது."

என் மாப்பிள்ளை கையிலிருந்த நட்சத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அவங்க என் கார்டியன் சார். நான் சொன்னா கேக்க மாட்டாங்க."